கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் கடைசிப் பகுதி: வாசிக்கும்போதும் மேடையேற்றும்போதும் எதிர்ப்படுபவை

தொடக்கப் பதிவு

கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் கடைசிப் பகுதியான எக்ஸொடோஸ் என்றதும் பலர் நாடகத்தின் கடைசி நாலைந்து வரிகளைத்தான் நினைக்கிறார்கள். அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ 12ஆம் அத்தியாயத்தில் வைக்கும் எல்லை வேறு: கோரஸ் என்னும் பாடகர் குழுவின் கடைசிப் பாட்டுக்குப் பின்னால் வருவது முழுவதும் எக்ஸொடோஸ்தான். சோஃபக்ளீஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ 1530 வரி. கடைசிப் பாட்டு 1222இல் முடிகிறது. மிச்சம் 300 வரிக்கு மேல், ஐந்தில் ஒரு பங்கு.

ஈடிப்பஸ் தகப்பனைக் கொன்று தாயை மணந்தவன் என்ற உண்மைதான் வெளிவந்துவிட்டதே என்று இதைச் சுருக்குபவர்கள் உண்டு. அப்படிச் சுருக்கினால் நாடகத்தின் பாதி உயிர் போய்விடும். அவன் தாயும் மனைவியுமான யோகாஸ்தா தூக்கிட்டதையும், அவள் உடையிலிருந்த ஊசிகளால் ஈடிப்பஸ் கண்களைக் குத்திக்கொண்டதையும் முதலில் பணியாள் வந்து சொல்கிறான். காதால் கேட்டுத் துடித்த பிறகுதான் அவனைக் கண்ணால் பார்க்கிறோம். வந்ததும் பாடிப் புலம்புகிறான். பிறகு பாட்டு நின்று பேச்சு வருகிறது: பார்வையோடு பாதாளம் போனால் தகப்பனையும் தாயையும் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று காரணம் அடுக்குகிறான். புலம்பலிலிருந்து வாதத்துக்கு இறங்கும் அந்த இடத்தில் நடிகர் குரலை மாற்றாவிட்டால் 200 வரியும் ஒரே அழுகையாகிவிடும்.

இன்னொன்று: கடைசியில் அவன் ஊரைவிட்டுப் போவதில்லை. நாடு கடத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான்; தெய்வத்தைக் கேட்டுத்தான் முடிவு என்று இப்போது ஆட்சியை ஏற்றிருக்கும் யோகாஸ்தாவின் தம்பி கிரயோன் அரண்மனைக்குள்ளேயே அனுப்புகிறான், மகள்களையும் பிரித்துவிடுகிறான். தடியூன்றி வெளியே நடக்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தன் தண்டனையைக்கூட அவனால் தீர்மானிக்க முடியவில்லை என்பது காணாமல் போகும்.

மறுமொழி 1

சோஃபக்ளீஸின் ‘அந்திகனி’யில் உடல்களைக் கவனியுங்கள். மகன் ஹைமோனின் உடலோடு மன்னன் கிரயோன் வருகிறான். மனைவி யூரிடிகேயின் உடல் அரண்மனைக்குள்ளிருந்து காட்டப்படுகிறது, பெரும்பாலும் எக்கிக்ளிமா என்னும் உருட்டி வெளியே கொண்டுவரும் மேடையில். இறந்துபோன அந்திகனியின் உடல் கொண்டுவரப்படுவதாக மூலத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது சடலம் வைத்தால் பார்வை அவள் பக்கம் போய்விடும். இந்தப் பகுதி கிரயோனுடையது. யூரிடிகே பேசுவது ஒன்பதே வரி. மகன் இறந்த விவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போகிறாள். அங்கே இசை எதையும் நுழைக்காதீர்கள்.

மறுமொழி 2

யூரிப்பிடிஸின் ‘மெடியா’ (கி.மு. 431) பற்றி. மெக்கனே என்னும் தூக்குப்பொறியை இங்கே பயன்படுத்தியதை அரிஸ்டாட்டில் குறை சொல்கிறார். முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கமாகத் தெய்வம் தோன்றும் உயரத்தில், தானே கொன்ற பிள்ளைகளின் சடலங்களோடு மெடியா நிற்கிறாள். ஒருமுறை தொடவிடு என்று அவள் கணவன் யாசோன் கேட்கிறான், கிடைக்கவில்லை. அந்த உயரம்தான் காட்சி. அவன் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மேடை போட்டால் வசனம் பொய்யாகிவிடும்.

மறுமொழி 3

யூரிப்பிடிஸின் கடைசி வரிகளிலிருந்து நீதி எடுக்க அவசரப்பட வேண்டாம். தெய்வச் செயலுக்குப் பல உருவம் என்று தொடங்கும் அதே முடிவு ‘அல்கெஸ்டிஸ்’, ‘அந்த்ரோமகே’, ‘ஹெலன்’, ‘பாக்கே’ நான்கிலும் வருகிறது. ‘மெடியா’வில் முதல் வரி மட்டும் வேறு. கோரஸ் வெளியேறுவதற்கான நடைச்சந்தம் அது.

‘பாக்கே’யில் உண்மையான கனம் முன்னாலேயே இருக்கிறது. வெறியில் தானே கொன்ற மகனின் தலையைச் சிங்கத்தின் தலை என்று ஏந்தி வரும் அகாவேயை அவள் தகப்பன் கத்மோஸ் படிப்படியாகத் தெளியவைக்கிறான்: வானத்தைப் பார், முன்போலவா இருக்கிறது? எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாய்? யாரைப் பெற்றாய்? கையில் இருப்பது யாருடைய முகம்? ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நேரம் கொடுக்க வேண்டும். நான்கையும் ஓட்டிவிட்டால் தெளிவது நம்பும்படி இருக்காது.

மேடையேற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1329ஆம் வரிக்குப் பின் மூலத்தில் ஒரு பகுதி அழிந்துபோயிருக்கிறது. அகாவேயின் புலம்பலும் தெய்வமான தியோனிசஸ் பேச்சின் தொடக்கமும் அதில் போயின. அப்படியே விட்டால் தெய்வம் பாதிப் பேச்சிலிருந்து பேசத் தொடங்கும். புலம்பலைப் புதிதாக எழுதிச் சேர்ப்பதா, மகன் உடலைச் சொல்லின்றி ஒழுங்குபடுத்தும் காட்சியாக்குவதா என்று ஒத்திகை தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.