முகம் வீங்கி, மூத்திரம் நிறம் மாறி... உங்கள் வீட்டில் யாருக்காவது வந்ததா?

களுவாஞ்சிக்குடி அம்மா:
மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்குதான். மகனுக்கும் காலில் வந்து ஆறிவிட்டது. சில வாரம் கழித்து ஒரு காலையில் கண்மடல் வீங்கி எழும்பினான், மூத்திரம் பிளேன்டீ நிறம். சிரங்குக் கிருமியால் வந்த சிறுநீரக அழற்சி என்று வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். அது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. என்னை விடாமல் இருப்பது அந்த இரவு. "அம்மா, தலையிடிக்குது" என்றான். கொஞ்ச நேரத்தில், "ஏன்ம்மா லைட்ட நூத்த?" என்று கேட்டான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நர்ஸ் மிஸியைக் கூப்பிட நான் எழும்ப முதல் வலிப்பு வந்துவிட்டது. அந்த அழற்சியால் ஏறிய பிரஷர் மூளையைத் தாக்கியிருக்கிறது. மருந்து ஏற்றிப் பிரஷரை இறக்கிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றான்.

அக்கரைப்பற்றான்:
அல்லாஹ் காப்பாத்தினான் சகோதரி. ஆனால் இதை வாசிக்கிறவர்கள், சிரங்கு வந்தால்தான் இந்த வருத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. என் தம்பிக்குச் சிரங்கே வந்ததில்லை. தொண்டை நோ வந்தால் அடுத்த நாளே மூத்திரம் சிவப்பாகப் போகும், பிறகு தானாகத் தெளியும், அடுத்த தொண்டை நோவுக்குத் திரும்பவும் அதே. உங்கள் மகனுக்கு வாரக்கணக்கில் பிந்தி வந்தது, இவனுக்கு நோவோடேயே வருகிறது. இரண்டும் வேறு. சிறுநீரகத்தில் ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்சிக்குக் குப்புறப் படுக்க வைத்து மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஊசி 'டக்' என்றது கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஐஜிஏ நெப்ரோபதியாம், ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிகிற வருத்தம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் "சுகமாகிடும்" என்று இவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. லோசார்டன் என்ற பிரஷர் மருந்து குடிக்கிறான். மூத்திரத்தில் புரதம் எவ்வளவு போகுது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

வாழைச்சேனை ரீச்சர்:
தம்பி, அவ சிரங்கு மட்டும்தான் காரணம் என்று சொல்லவே இல்லையே, தன் பிள்ளைக்கு நடந்ததைத்தானே சொன்னா. என் வகுப்பில் ஒரு பிள்ளை சப்பாத்துக்குள் கால் நுழையாமல் வெறுங்காலோடு வந்து நின்றாள். வீட்டில் "சூடு" என்று இளநீராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன். மூத்திரம் குறைந்த பிள்ளைக்கு இளநீர் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், வெளியேற வழியில்லாவிட்டால் இதயத் துடிப்பையே குழப்பும். தண்ணீரும் டொக்டர் சொன்ன அளவுதான். கருவாடு, ஊறுகாய், பக்கெட் நொறுக்குத்தீனி எல்லாவற்றையும் வீக்கம் வற்றும்வரை நிறுத்துங்கள். நோவுக்கு என்று பார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் குந்தியிருந்தால் நுரையீரலில் நீர் கோர்த்திருக்கலாம், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சொறிக்கு மருந்து பூசுவதென்றால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், பாய், போர்வையும் துவைக்க வேண்டும். அந்தச் சொறியைச் சொறிந்த புண்ணில்தானே கிருமி ஏறுகிறது! வீட்டிலேயே ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வையுங்கள்.

பொத்துவில் வாப்பா:
ரீச்சர், மற்றதெல்லாம் சரி. மெஷின் விசயத்தில் கவனம். பெரிய ஆட்களின் பட்டியைப் பிள்ளையின் கையில் சுற்றினால் பிரஷர் குறைத்துக் காட்டும். என் மகளுக்கு வீட்டில் நல்ல அளவுதான் காட்டியது, கிளினிக்கில் சின்னப் பட்டி போட்டதும் டொக்டரின் முகம் மாறியதைக் கண்டேன். அன்றைக்கே வார்ட்டுக்கு அனுப்பினார்.

களுவாஞ்சிக்குடி அம்மா:
நாங்கள் வீட்டில் பார்ப்பதும் என் மாமாவின் மெஷினில்தான், பெரிய பட்டி. மகனுக்கு இரத்தத்தில் சி3 என்ற, வருத்தத்தில் குறைந்திருந்த புரதம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மூத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மட்டும் இன்னும் போகிறது, ஒரு வருசம்வரைக்கும் அப்படி இருக்கலாம் என்கிறார்கள். பொத்துவில் அண்ணா, அந்தச் சின்னப் பட்டி தனியாக விற்கிறார்களா? கல்முனையில் கிடைக்குமா?