ஸ்கைரிம் இரண்டு நகல்: ஹார்டு லிங்க் போட்டும் ஃபோல்டர் அளவு குறையவில்லை

கேள்வி:
விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேம் சி டிரைவில் இரண்டு ஃபோல்டரில் இருக்கிறது. ஒன்று ஸ்டீமில் உள்ள 1.6, மற்றது பழைய மோடுகளுக்காக (கேமை மாற்றியமைக்கும் ஆட்-ஆன்கள்) வைத்திருக்கும் 1.5.97 வெர்ஷன். கேமின் படங்கள், ஒலிகள் அடங்கிய பெரிய பிஎஸ்ஏ ஃபைல்கள் இரண்டிலும் இருப்பதால், ஒரே நகலை இரண்டு ஃபோல்டருக்கும் பொதுவாக்க ஹார்டு லிங்க் போடும் எம்கேலிங்க் /எச் கட்டளையை முயன்றேன். பவர்ஷெல்லில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. சிஎம்டியில் ஓடியது, ஆனால் பிராப்பர்ட்டிஸில் ஃபோல்டர் அளவு அப்படியேதான் இருக்கிறது. மோடு சோதிக்க டி டிரைவில் மூன்றாவது நகல் உண்டு. அதற்குப் போட்டால் வேறு டிஸ்க்குக்கு நகர்த்த முடியாது என்று எர்ரர். எங்கே தப்பு?

பதில் 1:
தப்பில்லை ப்ரோ, மூன்றும் இயல்பான நடத்தைதான். எம்கேலிங்க் தனி எக்ஸி ஃபைல் கிடையாது, சிஎம்டிக்கு உள்ளேயே இருக்கும் கட்டளை. அதனால் பவர்ஷெல்லுக்குத் தெரியாது.

ஹார்டு லிங்க் என்பது ஒரே தரவுக்கு இரண்டு பெயர். எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனி ஃபைலாகக் கூட்டிவிடும். ஃபோல்டர் அளவை நம்பாதீர்கள், லிங்க் போடுவதற்கு முன்னும் பின்னும் சி டிரைவில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பெயரும் ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் ஃபார்மேட்) டிரைவில் இருந்தாக வேண்டும். டி டிரைவில் எர்ரர் வந்தது அதனால்தான்.

வரிசை இப்படி. "ஸ்கைரிம் - டெக்ஸ்சர்ஸ்0.பிஎஸ்ஏ"வில் தொடங்குங்கள். இரண்டு நகலுக்கும் விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல் கட்டளை கொடுத்து எஸ்எச்ஏ256 ஹாஷ் எண் (ஃபைலின் உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) ஒன்றா என்று பாருங்கள். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, வெர்ஷன் மாறும்போது உள்ளே மாறியிருக்கலாம். எண் ஒத்துப்போனால் 1.5.97 ஃபோல்டரில் உள்ளதை .பழசு என்று பெயர் மாற்றுங்கள். அதே பெயரில் ஃபைல் கிடந்தால் லிங்க் உருவாகாது. கட்டளையில் முதலில் புதுப் பெயர், பிறகு இருக்கும் ஃபைல். லினக்ஸில் இது தலைகீழ், பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். பெயரில் இடைவெளி இருப்பதால் இரண்டு பாதைக்கும் மேற்கோள் குறி கட்டாயம். கேம் சரியாக ஓடினால் .பழசை அழியுங்கள். அதுவரை ஒரு எம்பி கூட மிச்சமாகாது.

கேள்வி கேட்டவர்:
காலி இடம் கூடியிருக்கிறது அண்ணா, நன்றி. இனி ஸ்டீம் அப்டேட் வந்தால்?

பதில் 2:
கவனிக்க வேண்டியது அதுதான். அப்டேட் புது ஃபைலை எழுதிவிட்டுப் பழையதை மாற்றி வைத்தால் லிங்க் அறுந்து, மிச்சமான இடம் போய்விடும், அவ்வளவுதான். அதே ஃபைலுக்குள்ளேயே எழுதினால் 1.5.97 நகலும் சத்தமில்லாமல் மாறிவிடும். ஆகவே ஹாஷ் எண்களை ஒரு நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்யூட்டில் ஹார்ட்லிங்க் லிஸ்ட் என்ற கட்டளை கொடுத்தால் ஒரு ஃபைலுக்கு எத்தனை பெயர் என்று காட்டும். ஒன்றுதான் வந்தால் லிங்க் அறுந்துவிட்டது.

எக்ஸி (கேமை ஓட்டும் ஃபைல்), ஐஎன்ஐ (செட்டிங்ஸ் ஃபைல்), ஈஎஸ்எம் (கேமின் முக்கியத் தரவு ஃபைல்) எதையும் ஹார்டு லிங்க் போட்டுப் பகிராதீர்கள். எக்ஸ்எடிட் போன்ற மோடு திருத்தும் கருவிகள் ஈஎஸ்எம்மில் கை வைக்கும், ஐஎன்ஐ அடிக்கடி மாறும். அவற்றைப் பகிர்ந்து மிச்சமாவதும் சொற்பம். டெக்ஸ்சர்ஸ் 0 முதல் 8 வரை முடித்தாலே பெரும்பங்கு முடிந்தது.

ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு பேக்கப் எடுத்தால் லிங்க் போகாது, இரண்டு முழு நகலாக விரியும். அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3:
டி டிரைவ் நகலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மோடு சோதிக்க மட்டும்தான் என்றால் அது தேவையே இல்லை. மோட் ஆர்கனைசர் 2 என்ற மென்பொருள் மோடுகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, கேம் ஓடும்போது மட்டும் அதன் டேட்டா ஃபோல்டரில் இருப்பதுபோல் காட்டும். கேம் ஃபோல்டர் சுத்தமாகவே இருக்கும். சோதனைக்கு ஒரு ப்ரொஃபைல் (எந்த மோடுகள் ஓட வேண்டும் என்ற பட்டியல்), விளையாட ஒரு ப்ரொஃபைல் போதும். எக்ஸி வெர்ஷன் மாறினால்தான் தனி நகல் வேண்டும், அது உங்களிடம் சி டிரைவிலேயே இருக்கிறது. டி நகலை அழித்துவிடுங்கள்.