அவரை கொடி நல்லா படருது, பூ மட்டும் வரவே இல்ல. யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

தேன்சிட்டு_மாடி (நவம்பர் 24, இரவு 9.50)
வணக்கம் எல்லாருக்கும், மாடில நாட்டு அவரை போட்டிருக்கேன், பந்தல் முழுக்க மூடிடுச்சு, இலை எல்லாம் கரும்பச்சையா பெருசு பெருசா இருக்கு, பூச்சி இல்ல, மஞ்சள் இல்ல, ஆனா பூ வரல. எங்க அத்தை வீட்ல இதே விதைதான், அங்க காய் பறிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. என்ன ஸ்ப்ரே அடிச்சா பூக்கும்? கொஞ்சம் அவசரம், மாமியார் தினமும் இத புடுங்கிட்டு அரைக்கீரை விதைக்கலாம்னு சொல்லிட்டே இருக்காங்க.

மண்வெட்டி
எந்த ஊர், எந்த மாசம் ஊன்றினீங்க, பந்தல் அவரையா குத்து அவரையா, வெயில் எவ்ளோ நேரம், என்ன உரம் குடுக்கறீங்க? ஒண்ணுமே சொல்லாம என்ன ஸ்ப்ரேன்னா நாங்க என்னத்த சொல்றது.

சுக்குமல்லி
அக்கா தேமோர் கரைசல் அடிங்க. தேங்காய்ப்பாலும் புளிச்ச மோரும் சம அளவு கலந்து ஒரு வாரம் மூடி வச்சு தினமும் கலக்கி விட்டுட்டு, லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி போட்டு சாயங்காலமா தெளிங்க. எங்க வீட்ல பாகல், புடலை எல்லாத்துக்கும் இதான், பூ கொட்டறதும் நின்னுடும்.

ஏர்முனை
இந்த கேள்வி வருஷா வருஷம் கார்த்திகைல வந்துடும். பழைய பதில்கள தேடிப் படிக்கற பழக்கம் யாருக்கும் இல்ல. இலை கரும்பச்சைன்னு அவங்களே சொல்றாங்க, தழைச்சத்து ஓவர். அவ்வளவுதான் விஷயம். யூடியூப் பார்த்து வாரம் ஒரு கரைசல் ஊத்தினா இப்படித்தான் ஆகும்.

குப்பைமேனி
நுனி கிள்ளினீங்களா? கிள்ளாட்டி பக்கக் கிளை வராது, பக்கக் கிளை இல்லாட்டி பூ எங்க வரும். நான் சொல்றது எப்பவும் இதான், கிள்ளு கிள்ளுனு கிள்ளணும்.

தேன்சிட்டு_மாடி
சாரி, சேலம். பந்தல் அவரைதான். ஆடி 18 அன்னிக்கு ஊன்றினது. க்ரோ பேக், பெரிய சைஸ். வெயில் நாள் முழுக்க அடிக்கும், மொட்டை மாடி. கடலைப்புண்ணாக்கு ஊற வச்ச தண்ணி குடுக்கறேன்.

ஏர்முனை
கடலைப்புண்ணாக்கு. சொன்னேன்ல. அவரை வேர்ல முடிச்சு இருக்கும், காத்துல இருக்கற தழைச்சத்த அதுவே பிடிச்சு வச்சுக்கும், அதுக்கு மேல நீங்க புண்ணாக்கு ஊத்தினா கொடிதான் வளரும். நிறுத்துங்க, சாம்பல் போடுங்க, தண்ணிய கொஞ்சம் காய விடுங்க. அடுத்த கேள்வி?

வேலியோரம்
மேல்நோக்கு நாள் பார்த்து ஊன்றினீங்களாமா? கேலண்டர்ல போட்டிருப்பான். கீழ்நோக்கு நாள்ல ஊன்றினா இப்படி ஆகும்னு எங்க அப்பிச்சி சொல்வாரு.

மண்வெட்டி
ஆடிப்பெருக்குக்கு ஊன்றியிருக்காங்க, அத விட என்ன நாள் வேணும். ஆடிப்பட்டம் சரியான பட்டம்தான். மாசி பங்குனில போட்டிருந்தா நானே சீசன் தப்புன்னு சொல்லியிருப்பேன், நாட்டு பந்தல் அவரை கோடை முழுக்க கொடியா மட்டும் ஓடும், ஐப்பசிக்கு மேலதான் மொட்டு வைக்கும். இவங்களுக்கு சீசன் பிரச்சனை இல்ல, அத்தை வீட்ல காய்க்குதே.

புது_இலை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் கொத்தமல்லி போட்டேன், ரெண்டு தடவையும் முளைக்கவே இல்ல, மளிகைக் கடைல வாங்குன தனியாதான், அதுக்கும் யாராச்சும் சொல்லுங்களேன்.

ஏர்முனை
தனி இழை போடுங்க. மளிகைத் தனியா பழசா இருந்தா முளைக்காது. புதுசா இருந்தாலும் முழுசா போடக்கூடாது, செருப்பால லேசா தேய்ச்சா ரெண்டா உடையும், ஒரு ராத்திரி ஊற வச்சு போடுங்க, பத்து நாள் பொறுமையா இருங்க. ஏப்ரல் மே வெயில்ல போட்டுட்டு வந்து அழக்கூடாது.

நாற்றங்கால்
அவரைக்கு வருவோம். மாடில இடம் கம்மின்னா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து குத்து அவரை ரகம் போடுங்க. அது பட்டம் பார்க்காது, பந்தலும் வேணாம்.

வேலியோரம்
பாரம்பரிய விதை பத்தி பேசற இடத்துல ஹைப்ரிட்ட கொண்டு வராதீங்க. அந்த மலட்டு விதைய ஒரு தடவ போட்டா அடுத்த வருஷம் மறுபடி கடைக்குத்தான் போகணும்.

நாற்றங்கால்
அது ஹைப்ரிட்டே இல்லீங்க, தேர்ந்தெடுத்து நிலைப்படுத்துன ரகம். காய முத்த விட்டு விதை எடுத்து வச்சா அடுத்த வருஷம் அப்படியே வரும். அவரை பெரும்பாலும் அதே பூவுக்குள்ளயே மகரந்தம் சேர்ந்துக்கற செடி, பக்கத்துல வேற அவரை இருந்தாலும் அதிகமா கலக்காது. அப்புறம் ஹைப்ரிட் விதைக்கும் மலடுங்கறது தப்பு, எடுத்துப் போட்டா முளைக்கும் காய்க்கும், ஆனா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனாலதான் விதைக்கு வைக்கறதில்ல.

வேலியோரம்
எங்க சுரைக்காய் நாட்டு விதைதான், மூணாம் வருஷம் குண்டும் இல்லாம நீட்டமும் இல்லாம என்னமோ ஒண்ணு காய்ச்சுது. அது மட்டும் எப்படியாம்?

நாற்றங்கால்
சுரைக்கு ஆண் பூ தனி, பெண் பூ தனி. பக்கத்துல யார் வீட்லயோ வேற சுரை இருந்திருக்கும், பூச்சி கொண்டு வந்து சேர்த்திருக்கும். விதைக்குன்னா முதல் நாளே பெண் மொட்டுக்கும் ஆண் மொட்டுக்கும் துணி கட்டிட்டு, விரிஞ்சதும் நம்ம கையால மகரந்தத்த தொட்டு வச்சு மறுபடி கட்டணும். சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் விரியும், பரங்கி விடிகாலைல. நேரம் தப்பினா பிடிக்காது. அவரைய சுரையோட சேர்த்து ஒரே கணக்கா பேசக்கூடாது.

சுக்குமல்லி
சண்டை போடாதீங்க ப்ளீஸ், விதைன்னதும் ஞாபகம் வந்துச்சு, அவரை விதைய எப்படி வச்சிருக்கீங்க எல்லாரும்? எனக்கு வருஷா வருஷம் வண்டு துளைச்சுடுது.

குப்பைமேனி
செம்மண்ண குழைச்சு விதைல பூசி நல்லா காய வச்சு மண்சட்டில போட்டு வைங்க. கொஞ்சமா இருந்தா சாம்பலே போதும். அம்மாவாசைக்கு அம்மாவாசை எடுத்து வெயில்ல காட்டுங்க.

கரிசல்காடு
பதிவு போட்டவங்களுக்கு ஒரு கேள்வி. கொடி எல்லா பக்கமும் ஒரே மாதிரிதானா? ஒரு பூ, ஒரு மொட்டு கூட எங்கயும் இல்லையா? நல்லா பார்த்துட்டு சொல்லுங்க.

தேன்சிட்டு_மாடி
ஆமா ஒரே மாதிரிதான். ஒரு கொடி மட்டும் தண்ணி டேங்குக்கு பின்னாடி போச்சு, அதுல நாலஞ்சு கொத்து பூ இருக்கு, பிஞ்சு கூட வச்சிருக்கு. ஆனா அது கொஞ்சூண்டுதானே, பந்தல்ல இல்லன்னுதான் கேட்டேன்.

மண்வெட்டி
அம்மா தாயே, இத முதல்ல சொல்ல வேணாமா 😂

கரிசல்காடு
அதே பேக், அதே புண்ணாக்கு தண்ணி, அதே விதை. அப்ப உரம் காரணம் இல்ல. ராத்திரி உங்க பந்தல் மேல தெரு விளக்கு வெளிச்சம் விழுதா?

தேன்சிட்டு_மாடி
விழும், எல்ஈடி லைட், எங்க மாடி உசரத்துலதான் இருக்கு. ராத்திரி துணி எடுக்க டார்ச்சே வேணாம்.

கரிசல்காடு
அதுதாங்க. நாட்டு அவரை ராத்திரி நீளத்த வச்சுத்தான் எப்ப பூக்கணும்னு முடிவு பண்ணும். ராத்திரி நீண்டு, நடுவுல வெளிச்சம் படாம ஒரே இருட்டா இருந்தாத்தான் மொட்டு கட்டும். உங்க செடிக்கு இன்னும் ராத்திரியே வரல. டேங்க் நிழல்ல இருக்கற கொடிக்கு வந்துடுச்சு, அதான் பூத்திருக்கு.

ஏர்முனை
சேலத்துல எந்த மாசமும் பகலும் ராத்திரியும் ஏறக்குறைய ஒண்ணுதான். இதெல்லாம் வெளிநாட்டு புத்தகத்துல படிச்சுட்டு இங்க வந்து சொல்றது. டிராகன் ப்ரூட் தோட்டத்துல ராத்திரி பல்ப் போட்டு பூ வர வைக்கறாங்களே, அப்ப வெளிச்சம் இருந்தா பூ வராதுங்கறது எப்படி?

கரிசல்காடு
சேலத்துல ஜூன்ல பகல் 12 மணி 45 நிமிஷம் கிட்ட, டிசம்பர்ல 11 மணி 30 நிமிஷம் கிட்ட. ஒண்ணேகால் மணி நேரம் வித்தியாசம், அவரைக்கு அது தாராளம். டிராகன் ப்ரூட் நேர் எதிர் ஜாதி, பகல் நீண்டாத்தான் பூக்கும், அதனால சீசன் இல்லாதப்ப பல்ப் போட்டு ஏமாத்தறாங்க. சாமந்தி அவரை கட்சி. பாலிஹவுஸ்ல சாமந்தி வைக்கறவங்க ராத்திரி பல்ப் எரிய விடறது பூக்காம தள்ளிப் போடத்தான், தண்டு நீண்டு வேணும்கற வரைக்கும். ஓசூர் பக்கம் யாராச்சும் தெரிஞ்சா கேட்டுப் பாருங்க.

பனங்கூடல்
நான் கனடாவிலை, டொரோண்டோ. கரிசல்காடு சொல்லுறது சரி. இஞ்சை ஜூனிலை பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேலை. ஊரிலை இருந்து வந்த அவரைக் கொட்டையை வைச்சால் வேலி முழுக்கப் படரும், பூ செப்டம்பரிலைதான் எட்டிப் பாக்கும், பிஞ்சு பிடிக்க முன்னம் உறைபனி வந்து எல்லாம் கருகிப் போடும். இப்ப நான் சாடியிலை வைச்சு ஜூலை கடைசியிலை இருந்து பின்னேரம் ஆறு மணிக்கு கறுப்புத் துணியாலை மூடி, காலமை எடுக்கிறனான். ஒரு கறிக்காவது காய் வருகுது. மனுசி சிரிக்கிறா, ஆனால் வறை எண்டால் முதல் கோப்பை அவவுக்குத்தான்.

ஏர்முனை
கனடாவும் சேலமும் ஒண்ணா? புண்ணாக்க நிறுத்தினாலே சரியாகும். நான் சொன்னத யாரும் செய்ய மாட்டீங்க.

மண்வெட்டி
புண்ணாக்கையும் குறைக்கட்டும், அதுல தப்பில்ல. ஆனா டேங்க் பின்னாடி எப்படி பூத்துச்சுன்னு நீங்க இன்னும் சொல்லல அண்ணா.

தேன்சிட்டு_மாடி
தெரு விளக்க அணைக்க சொல்ல முடியாதே, ராத்திரி ஆளுங்க நடக்கற வழி. பச்சை வலை இருக்கு, அத கட்டவா?

கரிசல்காடு
அணைக்கவே வேணாம். பச்சை வலை பத்தாது, வெளிச்சம் உள்ள வரும். விளக்கு இருக்கற பக்கம் மட்டும் பழைய ஃப்ளெக்ஸ் பேனர், பின்பக்கம் கறுப்பா இருக்கறது, இல்லாட்டி தார்ப்பாய், மறைவா கட்டுங்க. பந்தலோட தலை உசரத்துக்கு மேல ஒரு முழமாவது இருக்கணும். இருட்டறதுக்கு முன்ன இறக்கி விட்டு காலைல சுருட்டி வைங்க, பகல் வெயில மறைச்சா அதுவும் வம்பு. காத்துக்கு பிச்சுட்டு போகாம கீழயும் கட்டுங்க. நாளைக்கே பூக்காது, ரெண்டு மூணு வாரம் பொறுங்க. மாமியார்கிட்ட தை வரைக்கும் டைம் கேளுங்க.

குப்பைமேனி
அப்படியே நுனியும் கிள்ளுங்க.

வேலியோரம்
அதே டேங்க் பின்னாடி கொடியோட காய விதைக்கு விடுங்கமா. முதல் காய்.

நாற்றங்கால்
முதல் காய்தான்னு இல்ல, நல்லா திரண்ட காயா பார்த்து கொடிலயே சருகா காய விடுங்க. பச்சையா பறிச்சு காய வச்சா முளைப்பு குறையும்.

புது_இலை
தனியாவ தேய்ச்சு போட்டேன், முளைச்சிருக்கு! ஏர்முனை ஐயாவுக்கு நன்றி 🙏

ஏர்முனை
சரி.

தேன்சிட்டு_மாடி (டிசம்பர் 20, காலை 7.15)
பேனர் கட்டினோம், வீட்டுக்காரர்தான் ஏறி கட்டினார். பந்தல்ல தெரு பக்கம் கூட ஊதா மொட்டு வந்திருக்கு. எல்லாருக்கும் தேங்க்ஸ். புண்ணாக்கும் நிறுத்தியாச்சு. இப்ப பூங்கொத்து காம்புல கறுப்பா பொடிசா அப்பியிருக்கு, தொட்டா பிசுபிசுங்குது.

மண்வெட்டி
அசுவினி. அவரை பூத்தா அது வந்தே தீரும். முதல்ல ஹோஸ் வச்சு தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு கழுவுங்க, ரொம்ப அப்பியிருந்தா அந்த கொத்த மட்டும் வெட்டி எடுத்துடுங்க. அப்புறம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சேர்த்து, வெயில் தாழ தெளிங்க. பொறி வண்டு தெரிஞ்சா வேப்பெண்ணெய் வேணாம், அதுவே தின்னுடும். பேக் அடில எறும்பு புத்து இருக்கா, கொடில எறும்பு ஏறுதா?

சுக்குமல்லி
அக்கா அந்த ஊதா பூ அவரை விதை எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா, நானும் சேலம்தான்.

மண்வெட்டி
எறும்பு இருக்கான்னு கேட்டேன், பதில் வரல.