நெகேமியா 10: வேதபாடத்தின் முடிவில் தீர்மானம் எழுத வைக்கலாமா?

தண்ணீர்வாசல் (கேள்வி):
வேதபாடக் குழுவில் அடுத்து நெகேமியா 8 முதல் 10 வரை எடுக்கிறோம்: எருசலேமில் ஜனங்களுக்கு நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) வாசிக்கப்பட்டு, அதன்படி நடக்க உடன்படிக்கை எழுதித் தலைவர்கள் முத்திரை போட்ட பகுதி. மூன்று அதிகாரத்தையும் ஒரே அமர்வில் முடித்து, வசனத்தின்படி நடக்க ஆளுக்கொரு தீர்மானம் அன்றே எழுதச் சொல்லலாமா? இப்படி எழுதுவது ஏன் நிலைப்பதில்லை? யூதாவின் ராஜா யோசியா காலத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்பட்டதையும் இதோடு சேர்க்கலாமா?

சுருள்:
அன்றே வேண்டாம், சகோ. தேதிகளைப் பாருங்கள். ஏழாம் மாதம் முதல் தேதி, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வாசிப்பு. ஜனங்கள் அழுகிறார்கள். லேவியர் (ஆலய ஊழியக் கோத்திரத்தார்) அவர்களை அமர்த்தி, போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்கிறார்கள். அந்த அழுகையின் சூட்டில் யாரிடமும் முத்திரை வாங்கவில்லை! மறுநாள் வம்சத் தலைவர்கள், வாசித்த வேதபாரகர் எஸ்றாவிடம் வந்து இன்னும் கவனமாய்க் கற்கும்போது கூடாரப்பண்டிகைக் கட்டளை கண்ணில் படுகிறது. கிளைகளை வெட்டிவந்து கூடாரம் போடுகிறார்கள், பண்டிகை முழுவதும் தினமும் வாசிப்பு. 24ஆம் தேதிதான் உபவாசம். பகலில் கால்பங்கு வாசிப்பு, கால்பங்கு பாவ அறிக்கையும் ஆராதனையும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் வீதம். உடன்படிக்கை அதற்குப் பிறகு.

ஆகவே நான்கு அமர்வாகப் பிரியுங்கள். முதலாவதில் வாசித்து அர்த்தம் சொல்வது மட்டும். இரண்டாவதில், உடனே செய்யக்கூடிய ஒரு கட்டளையைக் கண்டுபிடித்துச் செய்வது. மூன்றாவது 9ஆம் அதிகார ஜெபத்துக்கு. எழுதுவது கடைசியில்.

பண்டகசாலை:
ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு அதே புஸ்தகத்தில் பதில் இருக்கிறது. 10ஐயும் 13ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓய்வுநாளில் சரக்கு வாங்கமாட்டோம் என்றவர்களிடம் தீரு பட்டணத்தார் ஓய்வுநாளிலேயே மீன் விற்கிறார்கள். தேவனுடைய ஆலயத்தைக் கைவிடமாட்டோம் என்றார்கள். லேவியருக்குப் பங்கு போகாததால் அவர்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) வைத்த அறையில் நெகேமியாவின் எதிரி தொபியாவின் தட்டுமுட்டுகள். பிற ஜாதியாரோடு கலப்புத் திருமணம் செய்யமாட்டோம் என்றதும் அப்படியே. யூதாவின் ஆளுநரான நெகேமியா பெர்சிய ராஜாவிடம் போயிருந்த இடைவெளியில் இவ்வளவும் நடந்தது. கவனிக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது என் கருத்து.

அவர் திரும்பி வந்து கண்டிக்கிறார், ஆனால் கண்டிப்போடு விடவில்லை. ஓய்வுநாளுக்கு முன் இருட்டத் தொடங்கும்போதே வாசல்களை அடைத்துக் காவல் வைக்கிறார். பண்டகசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட செலேமியா, சாதோக்கு, பெதாயா, துணைக்கு ஆனான் என்று நான்கு பேரை நியமிக்கிறார். ஆகவே தீர்மானத் தாளில் நான்கு வரி கேளுங்கள்: எந்த வசனம், என்ன செயல், எந்த நாள், யார் விசாரிப்பார். “இனி அதிகம் ஜெபிப்பேன்” என்பதை யாராலும் விசாரிக்க முடியாது. நெகேமியா 10இல் ஆலயச் செலவுக்கு வருஷத்துக்கு சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு என்று அளவே இருக்கிறது. விறகு கொண்டுவரும் முறைக்குச் சீட்டுப் போட்டார்கள்.

உல்தாள்தெரு:
யோசியாவைச் சேர்க்கலாம், ஆனால் எச்சரிக்கையாக. அவர் ஆட்சியின் 18ஆம் வருஷத்தில் பிரதான ஆசாரியர் இல்க்கியா ஆலயத்தில் புஸ்தகத்தைக் கண்டெடுத்தார், எழுத்தர் சாப்பான் வாசித்தார், ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். ஆனால் 2 நாளாகமம் 34இன்படி சிலைகளை அகற்றுவது 12ஆம் வருஷத்திலேயே தொடங்கிவிட்டது. புஸ்தகம் கிடைத்த பிறகுதான் எல்லாம் நடந்தது என்று சொல்லிவிடாதீர்கள். சீர்திருத்தம் ராஜாவிடமிருந்து இறங்கியது. யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை என்று எரேமியா 3:10 சொல்கிறது. யோசியாவின் மகன் யோயாக்கீமோ, எரேமியாவின் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். வேண்டாம் என்று தடுத்தவர்களில் சாப்பானின் மகன் கெமரியாவும் இருந்தார். அந்த வீட்டில் வசனம் அடுத்த தலைமுறைக்கு இறங்கியிருந்தது. உபாகமம் 31:10-13 ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளும் கேட்க வாசிக்கச் சொல்வது இதற்காகவே. குழுவில் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்.

தண்ணீர்வாசல்:
நன்றி. 10:29இல் ஆணையும் சாபமும் வருகிறதே, அதையும் சொல்ல வைக்கலாமா?

சுருள்:
வேண்டாம். உபாகமம் 23:21-22 படியுங்கள்: பொருத்தனை (தேவனுக்கு நேர்ச்சை) செய்து செலுத்தாவிட்டால் பாவம், செய்யாமலே இருந்தால் பாவமில்லை. மத்தேயு 5:34ம் சத்தியம்பண்ண வேண்டாம் என்கிறது. தாளின் மேலே “கர்த்தருக்குச் சித்தமானால்” என்று எழுதச் சொல்லுங்கள். விருப்பமில்லாதவர் வெறுந்தாளோடு போகட்டும், வற்புறுத்தாதீர்கள்.