மறுமொழி: டி.எல்.ஆர். கேமராவுக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

டி.எல்.ஆர்., அதாவது ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், மேலும் கீழுமாக இரண்டு வில்லை (லென்ஸ்) வைத்த ஃபிலிம் கேமரா. அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்று மூன்று நாளாக வரும் எல்லா மடல்களையும் படித்து வந்தேன். என்னிடம் இருப்பது அந்த வகையில் ஒரு ஜப்பானிய யாஷிகா-மேட் 124ஜி. அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரைப் பொருளோடு ஒட்டிப் பார்க்க அதுவே வசதி.

> ரிஃப்ளெக்ஸ் என்றால் எதிர்வினைதானே? 'இரட்டைவில்லை எதிர்வினைக் கேமரா' என்றே வைத்துவிடலாமே.

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எதிர்வினை என்றதும் நமக்கு நியூட்டனின் மூன்றாம் விதிதான் நினைவுக்கு வரும். இந்தக் கேமராவுக்குள் எதுவும் எதற்கும் வினையாற்றுவதில்லை. மேல்வில்லை வழியாக வரும் ஒளி, 45 பாகையில் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே கிடையாக இருக்கும் தேய்த்த கண்ணாடியில் படமாக விழுகிறது. 'ரிஃப்ளெக்ஸ்' என்ற சொல் குறிப்பது இந்தத் திருப்பத்தை மட்டுமே. சூட்டில் பட்ட கையை வெடுக்கென்று இழுப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆனால் நாம் அதை அனிச்சைச் செயல் என்று எப்போதோ பிரித்துவிட்டோம். பிரித்ததை மறுபடி குழப்ப வேண்டியதில்லை.

இலங்கை நண்பர் 'தெறி' என்ற வேரைச் சொன்னார். அங்கே ஒளி திரும்புவதற்கு ஒளித்தெறிப்பு, அனிச்சைச் செயலுக்குத் தெறிவினை என்று இரண்டுக்கும் ஒரே வேர் இருப்பது அழகுதான். ஆனால் இந்தப் பக்கத்து வாசகருக்குத் தெறித்தல் என்றால் சிதறுவது, துள்ளி விழுவது. அவர் நடக்கும் செயலைப் பெயராக்கினார். அந்தச் செயலைச் செய்யும் பொருளையே சொன்னால் என்ன? இங்கே குழியாடி, குவியாடி. அங்கே குழிவாடி, குவிவாடி. 'ஆடி' என்றால் ஒளியைத் திருப்பும் கண்ணாடி என்று இரு கரையிலும் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஆகவே ஆடிக் கேமரா. இதுவரை பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

> ஜப்பான்காரர்கள் 'இருகண்' என்கிறார்களாம். அதை எடுத்துக்கொண்டால் 'வில்லை'யே தேவையில்லை.

இந்த மடல் என்னை நிரம்பவே யோசிக்க வைத்தது. ஜப்பானியர் சொல்வது 'நிகன் ரெஃபு'. 'நி' என்றால் இரண்டு, 'கன்' என்றால் கண், 'ரெஃபு' ரிஃப்ளெக்ஸின் சுருக்கம். ஒரே வில்லை வழியாகப் பார்த்துப் படமும் எடுக்கும் எஸ்.எல்.ஆர். அவர்களுக்கு 'இச்சிகன் ரெஃபு', அதாவது ஒருகண். பிறகு ஆடியே இல்லாத கேமரா வந்தபோது 'ரெஃபு'வைக் கழற்றிவிட்டு 'மிரர்லெஸ் இச்சிகன்' என்றார்கள். ஒரு துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்ட முடிந்தது பாருங்கள். நம் சொல்லும் இப்படிக் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும்.

கண் என்பது தமிழுக்கும் ஒட்டும் சொல்தான். மூன்றுகண் மதகு, ஏழுகண் பாலம் என்று துளையைக் கண் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நேற்று இரவு வரை நானும் 'இரட்டைக்கண் கேமரா' பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அப்புறம் அதன் ஜோடிச் சொல்லை எழுதிப் பார்த்தேன்: 'ஒற்றைக்கண் கேமரா'. ஒருவரின் குறையைச் சொல்லி அழைக்கும் வசைபோல ஒலிக்கிறது. எஸ்.எல்.ஆர். வைத்திருக்கும் யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இருகண் என்றால் தொலைவில் இருப்பதைப் பார்க்கும் இருகண் நோக்கிதான் நினைவுக்கு வரும். அதில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றன. இதிலோ மேல்வில்லை நமக்குக் காட்டுகிறது, கீழ்வில்லை ஃபிலிமுக்குக் காட்டுகிறது. எனவே வில்லைக்கே திரும்பினேன். கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று வட்டமாகத் தட்டையாக இருப்பதற்கெல்லாம் வீட்டில் புழங்கும் சொல். எந்த விகாரமும் இல்லை.

அடுத்து 'இரு'வா 'இரட்டை'யா என்ற கேள்வி. இதில்தான் ஜப்பானிய மாதிரிகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

என் 124ஜியில் இரண்டு வில்லைக்கும் குவியத்தூரம் 80 மி.மீ. இரண்டும் ஒரே முகப்புப் பலகையில் பொருத்தியவை. இடப்பக்கக் குமிழைத் திருகினால் பலகை முழுவதும் முன்னே வருகிறது. மேலே படம் தெளிந்த அதே நொடியில் கீழேயும் தெளிந்திருக்கும். ஆனால் இரண்டும் அப்படியே ஒன்றுபோல அல்ல. மேலது எஃப் 2.8, கீழது எஃப் 3.5 (எண் குறைந்தால் திறப்பு அகலம்). காட்டும் வில்லை கொஞ்சம் அகலமாக இருந்தால் தேய்த்த கண்ணாடியில் வெளிச்சம் கூடும், தெளிவு பார்ப்பதும் எளிது. 1950களில் வந்த மலிவான ரிக்கோஃபிளெக்ஸில் பலகை நகராது. இரண்டு வில்லையின் விளிம்பிலும் பற்கள் இருக்கும். ஒன்றைத் திருகினால் மற்றது சேர்ந்து சுழலும். 1955-இல் வந்த மினோல்டா ஆட்டோகார்டில் வில்லைக்கு அடியில் ஒரு நெம்புகோல். மாமியா சி வரிசையில் துருத்தி. கொல்லர் துருத்திபோல மடிப்பு மடிப்பாக நீளும். அதோடு அதில் வில்லைகளை மாற்றவும் முடியும், ஆனால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பலகையோடு ஜோடியாகக் கழற்றி வேறு ஜோடியை மாட்ட வேண்டும். 55 மி.மீ. முதல் 250 மி.மீ. வரை ஜோடிகள் உண்டு.

இதைப் பார்த்தால் எனக்கு இரட்டைமாட்டு வண்டிதான் தோன்றுகிறது. ஒரே நுகம், ஒன்று நகர்ந்தால் மற்றது நகர்ந்தே ஆக வேண்டும், அவிழ்த்தால் இரண்டையும் அவிழ்க்க வேண்டும். 'இருமாட்டு வண்டி' என்று நாம் சொல்வதில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கியையும் 'இருகுழல்' என்பதில்லை. 'இரு' எண்ணிக்கையை மட்டும் சொல்லும், 'இரட்டை' பிணைப்பையும் சொல்லும். இந்த வகைக் கேமராவின் உயிரே அந்தப் பிணைப்புதான். ஆக,

இரட்டைவில்லை ஆடிக் கேமரா,
ஒற்றைவில்லை ஆடிக் கேமரா,
ஆடியே இல்லாததற்கு ஆடியிலி.

ஒரு எச்சரிக்கை. இதைச் சேர்த்து எழுதாதீர்கள். 'இரட்டைவில்லையாடி' என்று வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மகள், "யாருப்பா விளையாடினது?" என்று கேட்டாள். இடம் விட்டு எழுதி, இடம் விட்டே சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சில் 'இரட்டைவில்லை' என்று மட்டும் சொன்னாலே போதும்.

> மாதிரிப் பெயர்களையும் தமிழாக்க வேண்டுமா?

கூடாது. அவை நிறுவனம் வைத்த பெயர்கள், எண்களோடு அப்படியே எழுதுவோம். ஆனால் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு, அதை விளக்கத்தில் சேர்க்கலாம். யாஷிகா-மேட் 1957-இல் வந்தது. பின்னால் வந்த '12' என்ற மாதிரி 120 வகை ஃபிலிம் சுருளுக்கானது, 12 படம். '24' என்ற மாதிரி 220 வகைக்கானது, 24 படம். 1968-இல் வந்த 124 இரண்டையும் ஏற்கும். 220 சுருளில் படம் விழும் பகுதிக்குப் பின்னால் காகிதம் கிடையாது. அதனால்தான் அதே அளவு உருளையில் இரட்டிப்பு நீளம் சுற்ற முடிகிறது. அந்தத் தடிமன் வேறுபாட்டுக்காக உள்ளே இருக்கும் அழுத்துதகட்டை மாற்றி வைக்க வேண்டும். ஜி என்பது தங்கம். ஒளிமானியின் மின்தொடுமுனைகளில் பூசியது. யாஷிகா 635 என்பது 6×6 செ.மீ. படத்தையும் 35 மி.மீ. ஃபிலிமையும் சேர்த்த பெயர். யாஷிகா 44 என்பது 4×4 செ.மீ. படம்.

உறுப்புகளில் மேலதற்கு நோக்குவில்லை, கீழதற்குப் படவில்லை என்று முன்மொழிகிறேன். இரண்டுக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டால், கிட்டத்தில் இருப்பதை எடுக்கும்போது தலை வெட்டுப்படுகிறதே, அதற்குப் புதுச்சொல் வேண்டாம். இடமாறு தோற்றப்பிழை பாடநூலிலேயே இருக்கிறது. மாமியாவில் அதைச் சரிசெய்ய முக்காலிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு சாதனம் பொருத்துவார்கள். மேல்வில்லையில் பார்த்து முடித்ததும் இரண்டு வில்லைக்கும் உள்ள இடைவெளி அளவுக்குக் கேமராவையே தூக்கிவிடும். அதை 'ஏற்றுதாங்கி' என்றால் பொருந்துமா என்று பாருங்கள்.

மீதி இருப்பது, மூடியைத் திறந்ததும் நிமிரும் அந்த நான்கு தகட்டுக் கூடு. 'இடுப்பளவு நோக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலம் உயரத்தைச் சொல்கிறது, சரி. ஆனால் எடுப்பவர் செய்வது குனிவது. இன்று காலைகூட நெஞ்சுக்குக் கீழே கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். மகள் வலப்பக்கம் நடந்தாள், கண்ணாடியில் இடப்பக்கம் போனாள். அவளைத் தொடர நான் எதிர்ப்பக்கம் திரும்பித் தடுமாறினேன். முகத்துக்கு நேரே எதையும் நீட்டாததால் அவளும் கூச்சமில்லாமல் நின்றாள். ஆகவே 'குனிநோக்கி'. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் உடனே விட்டுக்கொடுக்கிறேன்.