பல்லாட்டமா, பின்னடிப்பா? மனித உருவ ரோபோவின் மூட்டுத் தளர்வுக்குச் சொல்

> பேக்லாஷ் (கியர் பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) என்பதற்குப் 'பின்னடிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ரோபோ கட்டுகிறவர்களுக்கு அது போதாதா?

போதாது ஐயா. பின்னடிப்பு என்றால் ஏதோ திரும்பிவந்து அடிப்பதாகத்தான் தோன்றும். சர்வோவுக்குள், அதாவது மூட்டைத் திருப்பும் கியர் மோட்டாருக்குள், எதுவும் அடிப்பதில்லை. கியரின் ஒரு பல்லுக்கும் அதன் எதிர்ப்பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது. சுற்றும் திசை மாறினால் அதைக் கடந்த பிறகுதான் பல் பிடிக்கும். பட்டறையில் 'ப்ளே' என்பார்கள், 'கியர் ஆடுது' என்பார்கள். அதனால் 'பல்லாட்டம்' என்று முன்மொழிகிறேன்.

> ஆட்டம் என்றால் கால் நடுங்குவதோடு குழம்பாதா? இரண்டையும் 'தளர்வு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாமே.

அடக்கினால்தான் குழப்பம். மூட்டு ஆடுவதற்கு வெவ்வேறு காரணங்கள், வெவ்வேறு வைத்தியம்.

எம்ஜி996ஆர் என்ற சர்வோ மாதிரியையே எடுத்துக்கொள்வோம். நிலையை அளக்கும் பொட் (பொட்டென்ஷியோமீட்டர்) வெளித்தண்டோடு சேர்ந்து திரும்புகிறது. அதனால் பல்லாட்டத்தில் தண்டு நகர்ந்தால் சர்வோவுக்குத் தெரியும், திருத்தப் பார்க்கும். தண்டுக்கும், அதன்மேல் மாட்டும் இணைப்புத் துண்டான ஹார்னுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் சர்வோவுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை விலை உயர்ந்த கட்டுப்பாட்டுப் பலகை போட்டாலும் அதைத் திருத்த முடியாது. இதற்கு 'ஹார்ன் தளர்வு' என்று தனிப்பெயர் வேண்டும்.

பிரித்தறிவது சுலபம். சர்வோவை வைஸில் பிடித்து, ஹார்னில் 100 மி.மீ. பட்டையைத் திருகி, மின்சாரம் இல்லாமல் விரலால் மெல்லத் தள்ளுங்கள். மோட்டார் சுழலத் தொடங்குமுன் நுனி 1.75 மி.மீ. நகர்ந்தால் மொத்த ஆட்டம் 1 டிகிரி. நடு ஸ்குரூவின் தலையிலிருந்து ஹார்ன் வரை மார்க்கரால் முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவையுங்கள். தள்ளும்போது கோடு உடைந்து விலகினால் ஹார்ன் தளர்வு; கோடு முழுசாகவே திரும்பினால் பல்லாட்டம். பிளாஸ்டிக் ஹார்னில் பெரும்பாலும் முதலாவதுதான். தண்டின் பற்களில் பொருந்தும்படி உள்ளே 25 பல் உள்ள அலுமினிய ஹார்ன் போட்டு, ஸ்குரூவில் நீல நிறப் பூட்டுப்பசை ஒரு சொட்டு விட்டால் தீரும். ஹார்னில் பல்லுக்குப் பல் 14.4 டிகிரி என்பதால், 1500 மைக்ரோ நொடிக் கட்டளைத் துடிப்பை அனுப்பி நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஹார்னை மாட்டுங்கள். மிச்சக் கோணத்தை நிரலில் சரிக்கட்டலாம்.

> அப்படியானால் நடுக்கம்?

அதற்கு 'நடுக்கம்' என்ற சொல்லே இருக்கட்டும். அது விளைவு, காரணம் அல்ல. கட்டளைத் துடிப்பின் நீளத்தில் 5 மைக்ரோ நொடிக்குள் உள்ள பிழையை இந்தச் சர்வோ கண்டுகொள்ளாது. துடிப்பு 1 மில்லி நொடி நீண்டால் 90 டிகிரி திரும்பும் என்று கொண்டால் அது 0.45 டிகிரி. டெட்பேண்ட் எனப்படும் இதை 'உணரா இடைவெளி' எனலாம். பல்லாட்டம் உணரா இடைவெளியைவிடப் பெரிதானால், எடை எந்தப் பக்கமும் அழுத்தாத நிலையில் தண்டு இங்குமங்கும் தாவும், மோட்டார் துரத்தும். தூக்கிய கால் நடுங்கி, ஊன்றியதும் நின்றுபோவது இதனால்தான். ஊன்றிய பின்னும் நடுங்கினால் மின்னழுத்தத்தை முதலில் அளந்துபாருங்கள். 6 வோல்ட்டில் முடங்கிய சர்வோ ஒன்றே ஏறக்குறைய 2.5 ஆம்பியர் இழுக்கும். 17 சர்வோ உள்ள ரோபோவுக்கு மெல்லிய கம்பி போட்டுவிட்டுப் பல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

> சரி, 1 டிகிரி அவ்வளவு பெரிய விஷயமா?

விரலில் இல்லை, இடுப்பில் உண்டு. இடுப்பிலிருந்து பாதம் 25 செ.மீ. என்றால் 1 டிகிரிக்குப் பாதம் 4.4 மி.மீ. விலகும், முழங்கால், கணுக்கால் ஆட்டம் அதோடு கூடும். ஒற்றைக் காலில் நிற்கையில் எடை ஒரே பக்கம் அழுத்துவதால் பல்லாட்டம் வெளியே தெரியாது. கால் மாற்றும் நொடியில் இடுப்பின் பக்கச்சாய்வு மூட்டில் அழுத்தும் திசை புரளும். உடல் சட்டென்று மறுபக்கம் சரியும். வீட்டு ரோபோ அங்கே விழுந்துவிடலாம்.

பல்லாட்டத்தை ஒழிக்க முடியாது, ஒதுக்கலாம். முழங்காலில் ஒரு சிறு ஸ்பிரிங் மாட்டி எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கவிடுங்கள். சர்வோ வலிமையில் கொஞ்சம் அதற்குப் போகும், போகட்டும். ஹார்னுக்கு நேர் எதிர்ப்பக்கம் 623 அளவுப் பேரிங் வைத்து யூ வடிவப் பிராக்கெட்டை இருபுறமும் தாங்கினால் தண்டு சாய்வதும் நிற்கும். பேரிங் இல்லாமல் ஒருபக்கத் தாங்கலில் விட்டால், அந்தச் சாய்வையும் பல்லாட்டம் என்றே எண்ணி ஏமாறுவோம்.

> பல்லாட்டத்துக்கு என் ஒப்புதல். ஆனால் 'ஹார்ன் தளர்வு' பாதி இங்கிலீஷ். சர்வோக்கை?

கை என்றால் ரோபோவின் கையோடு முட்டும். வட்ட ஹார்னும் இருக்கிறது. 'தண்டுப்பூண்' எப்படி? பூண் தளர்ந்தது என்றால் செய்ய வேண்டியதும் உடனே புரியும்.