சுங்குடிச் சாயத் தண்ணீர்: நார்க்கழிவின் பழுப்பை நிறுத்த வழி சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவுநீரில் வேலை செய்பவர்கள் உதவுங்கள்.

ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம்), உப்பு, சோடா ஆஷ் (சலவைக் காரம்) கலந்த தண்ணீர். பிஎச் (அமில-கார அளவு) 10க்கு மேல். அமிலம் விட்டு 7க்கு இறக்குகிறோம். எண்ணெய் எடுத்த முருங்கை விதைப் பிண்ணாக்கை மாவாக்கி, லிட்டருக்கு 58 கிராம் உப்புக் கரைசலில் அரை மணி நேரம் கலக்கி, வடிகட்டிய சாற்றைக் கழிவுநீரில் ஊற்றுகிறோம். 2 நிமிடம் வேகமாக, 20 நிமிடம் மெதுவாகக் கலக்கினால் நீலம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படிகிறது. விதைப் புரதம் நேர்மின்னேற்றம், சாயம் எதிர்மின்னேற்றம்; அதனால் ஒன்றையொன்று இழுத்துத் திரள்கின்றன. காரம் குறையாவிட்டால் சேராது. சாறு அளவு மீறினால் திரண்ட சாயமும் மறுபடி கலங்கிவிடும். பிண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சினால் சிஓடி (கழிவுநீரின் கரிமச் சுமையைக் காட்டும் ஆக்சிஜன் தேவை அளவு) ஏறும். (கரைந்த உப்பு இதில் போகாது, அது தனிப் பாடு.)

சிக்கல் அடுத்த கட்டத்தில். மிச்ச நிறத்துக்குத் தென்னை நார்க்கழிவுப் படுகை வைத்தால், எத்தனை அலசியும் டானின் (நாரிலுள்ள துவர்ப்புச் சத்து) இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகிறது. சுண்ணாம்பில் ஊறவைப்பதா, கரியாக்குவதா? சின்னப் பட்டறைக்குக் கட்டுபடியாகும் வழி எது? செய்து பார்த்தவர்கள் ஊறவைத்த நேரம், அளவோடு சொல்லுங்கள்.